மச்சமும் நூற்றெட்டு மெகாபிக்சலும்

என் மகள் பிறந்தபோதே அந்த மச்சமும் உடன் வந்தது. இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே, முதுகில், என் சுண்டுவிரல் நகத்தின் அளவில், பழுப்பும் கறுப்புமாக. பார்த்தவர்கள் எல்லோரும் ராசி என்றார்கள். முதுகில் மச்சம் இருந்தால் நல்ல துணி கிடைக்கும் என்று ஒருவர், வெளிநாடு போவாள் என்று இன்னொருவர். நானும் சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டேன். தடுப்பூசி போடப் போனபோது குழந்தை மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத எதுக்கும் ஒரு தோல் டாக்டர்ட்ட காட்டிருங்க" என்று சொல்லும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

தோல் டாக்டர் திருநெல்வேலியில் இருந்தார். நிதானமான பெண்மணி. விளக்கு பொருத்திய ஒரு லென்ஸை மச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "பெரும்பாலும் இது ஒண்ணும் செய்யாது. ஆனா பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். மளமளவென்று பெரிதாவது, ஓரம் பிசிறு பிசிறாக ஆவது, நிறம் மாறுவது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் உடனே வர வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். "மாசம் ஒரு போட்டோ எடுத்து வைங்க. ஒப்பிட்டுப் பாக்க வசதியா இருக்கும்."

"மாத்தம் இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"எடுத்துட்டு, டெஸ்டுக்கு அனுப்புவோம்."

எடுத்துட்டு என்றால் வெட்டி. என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த முதுகிலிருந்து வெட்டி. அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மாதம் ஒன்று என்றார் அவர். நான் வாரம் ஒன்று எடுத்தேன். பிறகு குளிக்க வைக்கும் நாளெல்லாம் எடுத்தேன். என்னிடம் இருந்தது கல்லூரி முடிக்கும்போது வாங்கிய பழைய போன். மூலையில் கீறல் விழுந்தது, பதின்மூன்று மெகாபிக்சல் கேமரா. குளித்து முடித்த குழந்தையைக் கட்டிலில் குப்புறப் போட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் குனிந்து எடுப்பேன். அவள் ஒரு நொடி சும்மா இருக்க மாட்டாள். படத்தில் மச்சம் ஈரத் துணியில் பட்ட மை போலக் கலங்கித் தெரியும். போன வாரம் இப்படித்தான் இருந்ததா, இல்லை கொஞ்சம் சின்னதாக இருந்ததா? மாற்றி மாற்றித் தள்ளிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எல்லாமே மாறுவது போலவும் இருக்கும், எதுவுமே மாறாதது போலவும் இருக்கும்.

"தெளிவாவே இல்லைங்க" என்று தினமும் என் கணவரிடம் சொன்னேன். அவர் வாசுதேவநல்லூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாரே தவிரப் பதில் சொல்ல மாட்டார். ஒரு சனிக்கிழமை வரும்போது கையில் புது போன் பெட்டி இருந்தது.

"இந்தா, இதுல எடு. நூத்தியெட்டு மெகாபிக்சலு. பழசுல பதிமூணு. எட்டு மடங்கு! இனி மச்சத்துல எத்தன முடி இருக்குன்னே எண்ணிரலாம்."

அவருடைய தங்கை எங்களோடு இருக்கிறாள். ஊரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. அவள் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நூத்தியெட்டா? என்ன அண்ணே, பிள்ளையாருக்குத் தேங்கா நேந்துக்கிட்ட மாதிரி வாங்கிட்டு வந்திருக்க?"

"வாய மூடுட்டி. ஒனக்கு என்ன தெரியும் கேமராவப் பத்தி."

எனக்கு அன்று அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. நான் புலம்புவதை அவர் கேட்டிருக்கிறார். எட்டு மடங்கு தெளிவு என்றால் எட்டில் ஒரு பங்கு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, குளிக்க வைத்து முதல் படத்தை எடுத்தேன். நல்ல பக்கத்தில் போய், திரை முழுவதும் மச்சம் வரும்படி எடுத்தேன். எடுத்துப் பார்த்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

மச்சம் பெரிதாகியிருந்தது. ஓரம் வட்டமாக இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து காய்ந்த கறை எப்படி இருக்கும், அப்படிப் பல் பல்லாக வெளியே நீண்டிருந்தது. நடுவில் ஒரு கறுப்பு, சுற்றி இன்னொரு கறுப்பு. பழைய போனில் போன வாரம் எடுத்த படத்தை எடுத்து அருகில் வைத்தேன். அது உருண்டையாக, மெத்தென்று, சின்னதாக இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, மச்சம் வளந்திருக்கு. ஓரமெல்லாம் பிசிறா இருக்கு."

"காலைல பாத்தேனே. எப்பவும் போலத்தான கெடந்துச்சு."

"நீங்க கண்ணால பாத்தீங்க."

"பின்ன எதாலட்டி பாப்பாங்க?"

"போட்டோவுல பாருங்க. அனுப்புதேன்."

இரண்டு படங்களையும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீ வீணா மனசப் போட்டு ஒழப்பாத." எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பெரிய வித்தியாசம் இவருக்குத் தெரியவில்லையா? பார்க்காமலே சொல்கிறாரா? மாலையில் அவர் வந்ததும் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்த இரண்டு படங்களுமே ஒரே மாதிரி மங்கலாக இருந்தன. அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நூற்றெட்டும் பதின்மூன்றும் வழியிலேயே ஒன்றாகிவிட்டிருந்தன.

அதற்குள் நான் டாக்டருடைய கிளினிக் எண்ணுக்கும் அந்தப் படத்தை அனுப்பியிருந்தேன். மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தார். படம் கிளியராக இல்லை, வேறு அனுப்புங்கள் என்று. எனக்குக் கூச்சமாகிவிட்டது. இன்னும் பக்கத்தில் போய் எடுத்து அனுப்பினேன். அதுவும் கிளியராக இல்லையாம். சுருங்காமல் அனுப்பும் வழியைக் கண்டுபிடித்து அப்படியும் அனுப்பினேன். "மேடம், குழந்தைய நேர்ல கூட்டிட்டு வாங்களேன்" என்று வந்தது.

நேரில் போவதற்கு எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. போனால் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டால்? அதே சமயம், போகாமல் இருந்து அதற்குள் அது வளர்ந்துவிட்டால்? இரண்டில் எதைச் செய்தாலும் பின்னால் என்னைத்தான் கேட்பார்கள் என்று தோன்றியது. முதலில் வளர்ந்திருக்கிறதா, இல்லை கேமரா அப்படிக் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்வோம், பிறகு போவோம் என்று எனக்கு நானே ஒரு தவணை வாங்கிக்கொண்டேன்.

நான் இயற்பியல் படித்தவள். லென்ஸைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் போன் கேமரா என்று வரும்போது கடைக்காரர் சொல்லும் எண்ணைத்தான் நானும் நம்பினேன். அந்த வாரம் குழந்தை தூங்கும்போதெல்லாம் அந்த எண்ணையே துருவினேன். ஒரு படத்தை எத்தனை சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது என்பதுதான் மெகாபிக்சல். பத்து லட்சம் கட்டம் ஒரு மெகாபிக்சல். கட்டம் கூடினால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அவ்வளவுதான் அது தரும் வாக்கு. கட்டங்களில் வந்து விழும் வெளிச்சம் நன்றாக இல்லாவிட்டால் அத்தனை கட்டமும் அழுக்கைத்தான் நிரப்பிக்கொள்ளும். கேமராவுக்குள் இடமோ கொஞ்சம். அதில் நூற்றெட்டையும் நெருக்கி அடைத்தால், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கிறவர்களுக்கு எவ்வளவு காற்று கிடைக்குமோ அவ்வளவு வெளிச்சம்தான் ஒவ்வொன்றுக்கும். வெளிச்சம் போதாதபோது போன் தானாகவே ஓரங்களைத் தூக்கிக் காட்டி, படம் தெளிவாக இருப்பது போல ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறது. டியூப் லைட்டின் கீழே மச்சத்துக்கு முளைத்த பற்களில் பாதி அப்படி வந்ததாக இருக்கலாம்.

இருக்கலாம். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மீதிப் பாதி?

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். மிகப் பக்கத்தில் போனால் அந்தப் பெரிய கேமராவுக்குப் பார்வை நிலைக்காது. அதற்காகத் திரையில் ஒரு பூப் படம் போட்ட பட்டன் உண்டு. நான் கிளினிக்குக்கு அனுப்பிய படங்களையெல்லாம் அந்தப் பூவை அழுத்தித்தான் எடுத்திருந்தேன். அந்தப் பூவை அழுத்தினால் வேலை செய்வது நூற்றெட்டு இல்லை. மூலையில் கடுகு போல இருக்கும் வேறொரு லென்ஸ். அதற்கு மெகாபிக்சல் இரண்டே இரண்டு. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கணவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் வாங்கிக் குடுத்தது வேஸ்டுங்கியா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"பின்ன? பழசு நல்லால்லன்ன. புதுசு வாங்குனேன். இப்ப புதுசு நல்லால்லங்க. ஒனக்குப் போன்ல கொறையா, மனசுல கொறையா?"

அவருடைய தங்கை உள்ளேயிருந்து, "அண்ணே, தேங்காய்லயும் நூத்தியெட்டுல ரெண்டு அழுகல் இருக்கத்தான் செய்யும். விடு" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மனசில்தான் குறையோ என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் மாதாந்திர மின்தடை வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும்வரை விசைத்தறிச் சத்தம் ஓயாது. அன்று காலையிலேயே தெரு காதடைத்தது போல ஆகிவிட்டது. மின்விசிறி இல்லாமல் குழந்தை வியர்த்துக் கொட்டினாள். சட்டையைக் கழற்றிவிட்டு, காற்று வரும் என்று ஜன்னலோரம் பாயைப் போட்டுப் படுக்க வைத்தேன். குப்புறப் புரண்டு பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் நேராக விழாமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி அவள் முதுகில் பரவியிருந்தது. கைக்கு அகப்பட்டது பழைய போன். எடுத்தேன்.

அத்தனை மாதங்களில் அவ்வளவு தெளிவான படத்தை நான் எடுத்ததில்லை. கீறல் விழுந்த அந்தப் பதின்மூன்றில் மச்சத்தின் ஓரம் ஒழுங்காக, ஒரு விதையின் ஓரம் போலத் தெரிந்தது. அதே ஜன்னலில் புது போனிலும் எடுத்தேன், பூவை அழுத்தாமல், ஒரு முழம் தள்ளி. அதிலும் பற்கள் இல்லை. ஆனால் பெரிதாகத் தெரிந்தது. நான் கிட்டே பிடித்தேனா, இரண்டு லென்ஸும் வேறா, இல்லை மச்சமே பெரிதா?

அளவுக்கு ஏதாவது பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. குழந்தையின் முதுகில் எந்தப் பொருளை வைத்தாலும் உருண்டு விழும். ஸ்கேலை வைத்தால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வாள். அப்போதுதான் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைப் பார்த்தேன். நாத்தனார் தினமும் மாலையில் வந்ததும் நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்பாள். ஒரே அட்டையில் உள்ள பொட்டெல்லாம் இயந்திரம் வெட்டியது. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது.

முதலில் என் கையிலேயே ஒன்றை ஒட்டி, கரண்ட் வந்ததும் டியூப் லைட்டைப் போட்டு இரண்டு போனிலும் எடுத்துப் பார்த்தேன். பழைய போனில் பொட்டு மெத்தென்று உருண்டையாக இருந்தது. புது போனில் பெரிதாகி, ஓரத்தில் பல் முளைத்திருந்தது. கடையில் வாங்கிய பொட்டுக்கு எந்த நோயும் வராது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்று இரவு குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக நாத்தனார் சொன்னாள். அதற்கு முந்தைய நாட்களில் எப்படி இருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டை ஒட்டித்தான் படம் எடுத்தேன். எந்த போன், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகு ஒரு பொருட்டாக இல்லை. பொட்டை விட மச்சம் எவ்வளவு பெரிது என்று பார்த்தால் போதும்.

"ஏ மைனி, மொதுகுல யாராச்சும் பொட்டு வைப்பாளா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"அளவுக்கு."

"நெத்திக்கு மை, கன்னத்துக்கு மை, மொதுகுக்கு என் பொட்டு. பிள்ள பெருசானப்புறம் பொட்டுக்காசெல்லாம் வாங்கிருவேன் பாத்துக்கிடுங்க."

ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டினால் இடம் மாறிப்போகிறது என்று, ஒட்டிய பொட்டை எடுக்காமலே விட்டேன். குழந்தைக்கு அது இருப்பதே தெரியாது. விழுந்தால் அதே இடத்தில் இன்னொன்று. படங்கள் வரிசையாக, ஒழுங்காக வந்தன. மச்சமும் பொட்டும் பக்கத்தில் பக்கத்தில், திரை நிறைய. கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் குளிக்கும்போது பொட்டு விழுந்துவிட்டது. புதிது ஒட்டுவதற்கு முன் ஜன்னலோரம் சும்மா ஒரு படம் எடுத்தேன். மச்சத்தின் ஓரத்தில் சிவப்பு. படத்துக்குள் வந்தவரை பிறை போல, மச்சத்தைத் தொட்டுக்கொண்டு. கண்ணால் பார்த்தால் லேசாகத்தான் தெரிந்தது. படத்தில் தணலாகத் தெரிந்தது. நிறம் மாறினால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. கேமரா சிவப்பைக் கூட்டிக் காட்டுமோ, வெளிச்சமோ, பழைய போனில் எடுத்தால் என்ன என்று கை தானாகவே போனைத் தேடியது. ஆனால் இந்த முறை கண்ணிலும் தெரிகிறதே. இனி என்ன தவணை?

கணவருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. நாத்தனார் பள்ளிக்குச் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். திருநெல்வேலி போகும்வரை பஸ்ஸில் நான் குழந்தையின் சட்டைக்குள் கையை விட்டு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். "மைனி, நீங்க தடவித் தடவியே செவக்க வச்சிருவீங்க. கைய எடுங்க" என்றாள். எடுத்தேன். மானூர் தாண்டுவதற்குள் கை மறுபடியும் உள்ளே போய்விட்டது.

டாக்டர் அதே விளக்கு லென்ஸை வைத்துப் பார்த்தார். மச்சத்தைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார்.

"இங்கன எதையும் ஒட்டுனீங்களா? பிளாஸ்திரி மாதிரி? நல்லா வட்டமா இருக்கே."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாத்தனார்தான் சொன்னாள். "ஸ்டிக்கர் பொட்டு, டாக்டர்."

"மொதுகுலயா?"

"அளவுக்கு வச்சேன் டாக்டர். போட்டோவுல ஒப்பிட்டுப் பாக்க."

டாக்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "யோசன நல்லதுதான். ஆனா அந்தப் பசை பெரியவங்க நெத்தியவே புண்ணாக்கும். இது பிஞ்சுத் தோல்லா? இனி ஒட்டாதீங்க. களிம்பு தாரேன், நாலு நாள்ல போயிரும். மச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பெருமூச்சு விட்டேன். அதை விட்டு முடிப்பதற்குள் அவர் ஒரு காகித ஸ்கேலை எடுத்து மச்சத்தின் அருகில் பிடித்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடியும் ஸ்கேலைப் பார்த்தார்.

"போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு."

அப்படியானால் முதல் நாள் நான் பயந்தது சரியா? பற்கள் பொய், அளவு நிஜமா? பொட்டோடு எடுத்த படங்களில் ஏன் மாறாதது போலத் தெரிந்தது? நாத்தனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் குழந்தையை எடை மேடையில் உட்கார வைத்தார். "பிள்ளையும் வளந்திருக்காள்லா. மொதுகு அகலமானா மச்சமும் கூடத்தான் அகலும். அது பிள்ளையோட வளரலாம். பிள்ளைய முந்தத்தான் கூடாது. முந்துதான்னுதான் நாம பாக்கணும். போட்டோவெல்லாம் இருக்கா? காட்டுங்க."

புது போனை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மச்சம். மச்சம். மச்சமும் பொட்டும். மச்சமும் பொட்டும். தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

"பிள்ள எங்கம்மா?"

நான் எடை மேடையைப் பார்த்தேன்.

"போட்டோவுலம்மா. ஒண்ணுலயும் பிள்ளையக் காணோமே. எல்லாத்துலயும் மச்சம் மட்டும்தான் இருக்கு. பிள்ளைய முந்துதா இல்லையான்னு இத வச்சு நான் எப்படிச் சொல்ல?"

நான் எப்போதும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில் போனேன். பக்கத்தில் போவதுதான் தெளிவு என்று நினைத்தேன். பொட்டோ வளராது. அதன் பக்கத்தில் மச்சத்தை அளந்தேன். வளர்கிற ஒன்றின் பக்கத்தில் அளக்கவே இல்லை.

"இது எத்தன மெகாபிக்சலு?" என்று டாக்டர் கேட்டார்.

"நூத்தியெட்டு, டாக்டர்."

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்க தள்ளி நின்னு எடுங்க. கழுத்துலேருந்து இடுப்பு வர முழு மொதுகும் வரட்டும். பகல் வெளிச்சத்துல. வேணுங்கிறப்ப மச்சத்தப் பெருசாக்கிப் பாத்துக்கலாம். அத்தன புள்ளி இருக்கிறது அதுக்குத்தான்."

அவர் தன் மேஜையிலிருந்த கேமராவால் தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலையேம்மா" என்றார்.

கடைசியாக, எழுந்து கதவுவரை வந்த பிறகு, கேட்டுவிட்டேன். "இப்ப முந்துதா டாக்டர்?"

"இப்போதைக்கு எனக்கு அப்படித் தோணல. மூணு மாசம் கழிச்சு வாங்க. மாசம் ஒரு போட்டோ. மாசம் ஒண்ணுதான், சரியா?"

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வார்த்தையையே மென்றுகொண்டு வந்தேன். தோணல. இல்லை என்று சொல்லவில்லையே. நாத்தனாரிடம் கேட்டேன்.

"டாக்டருங்க அப்படித்தான் மைனி பேசுவாங்க. தோணலன்னா இல்லன்னு அர்த்தம்."

"இல்லன்னா இல்லன்னே சொல்லலாம்லா."

"நீங்க அதையும் பெருசாக்கிப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது கணவர் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு முன்னாலேயே வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டது அவர் குரல் போலவே இல்லை. அவர் பயப்படாமல் இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தது தப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளி நின்று எடுக்கச் சொன்னதையும் சொன்னேன். "பாத்தியா, நூத்தியெட்டு வீண் போகல" என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில், முதுகு என் பக்கம் இருக்கும்படி நிறுத்தினார். அவள் முழங்காலை மடக்கி மடக்கித் துள்ளினாள். நான் பின்னால் நடந்தேன். பீரோ முதுகில் இடிக்கும்வரை நடந்தேன். திரையில் கழுத்து மடிப்பு வந்தது, தோள் வந்தது, நடுவில் ஓடும் பள்ளம் வந்தது, இடுப்பு வந்தது. இந்த முதுகை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. வேர்க்குரு இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் சிவப்பு வட்டம் இருந்தது. மச்சம் அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தது.

"சரியா வந்திருக்கா?" என்றார் அவர்.

விரலால் பெரிதாக்கினேன். மச்சத்தின் ஓரம் தெரிந்தது, போதுமான அளவுக்கு. அங்கிருந்து படத்தைக் கீழே நகர்த்தினேன். அரைஞாண் கயிறு தெரிந்தது. அதன் இரு பக்கமும் சதை பிதுங்கி, நடுவில் கயிறு பதிந்து கிடந்தது.

"கயிறு இறுகிட்டுதுங்க."

அவர் குனிந்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. "ஆமட்டி. எப்ப இறுகுச்சு? தெனமும் நீதான குளிக்க வைக்க?"

குழந்தையை மடியில் படுக்க வைத்து முடிச்சை அவிழ்த்தேன். பழைய முடிச்சு, எளிதில் வரவில்லை. நகத்தால் கிளறி அவிழ்த்து, ஒரு விரல் புகும்படி தளர்த்திக் கட்டினேன். இடுப்பைச் சுற்றி ஒரு சிவந்த கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் படம் எடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்து, வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் குளிக்க வைக்கும்போது பார்த்தேன். கோடு மறைந்திருந்தது. மச்சத்தைப் பற்றித் தெரிய, அடுத்த படத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.